நல்லா இருக்கு சார்!

பல்லாவரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் கீழ்த்தளத்தில், அசோசியேஷன் மீட்டிங்குக்கும் குழந்தைகளின் பிறந்தநாளுக்கும் விடுகிற ஒரு ஹால். போன மாதம் ஒரு சனி, ஞாயிறு அங்கே ஓவியக் கண்காட்சி. குறுக்கே நைலான் கயிறு கட்டி, துணி காயப்போடுகிற கிளிப் மாட்டி, 28 வாட்டர்கலர் படங்கள். வாசலில் ஒரு மேஜை, மேஜையில் ரஸ்னா, பக்கத்தில் ஒரு விசிட்டர்ஸ் நோட்டு.

வரைந்தவருக்கு வயது 67. பெயர் வேண்டாம், பெரியவர் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்த்து ரிட்டையர் ஆனவர். அதுவரை பிரஷ்ஷைத் தொட்டதில்லை. ஷேவிங் பிரஷ் தவிர. ரிட்டையர் ஆன பிறகு பேத்தியின் கலர் டப்பாவில் ஆரம்பித்து, யூடியூப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டிருக்கிறார்.

நண்பர் ஒருவர் கூப்பிட்டார் என்று சனிக்கிழமை போயிருந்தேன். ஒரு சுற்று வந்தேன். நேராகச் சொல்வதானால் சுமார்தான். மாட்டுக்கு ஐந்து கால் மாதிரி இருந்தது. ஒன்று வால் என்று பிறகு தெரிந்தது. ரயில், தண்டவாளத்துக்கு ஒரு அடி மேலே மிதந்தது. மனித முகங்கள் எல்லாம் ஒரே குடும்பம்.

நோட்டைப் புரட்டினேன். ‘அருமை’, ‘வெரி நைஸ்’, ‘சூப்பர் அங்கிள்’, ‘மேலும் வளர வாழ்த்துக்கள்’. 67 வயதுக்காரர் இன்னும் எங்கே வளர்வது? நானும் பேனாவை எடுத்து, ‘நன்றாக உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். செருப்பை மாட்டும்போது பெரியவர் பிடித்துக்கொண்டார்.

“சார், நீங்க பத்திரிகையில எழுதறவர். உண்மையைச் சொல்லுங்க. எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு சார்!”

“இல்ல, எதுக்குக் கேக்கறேன்னா... சிட்டிக்குள்ள ஒரு கேலரியில ஒரு வாரம் ஹால் எடுத்துப் போடலாம்னு இருக்கேன். ஹால், ஃபிரேம், கார்டு எல்லாம் சேர்த்து ரெண்டரை லட்சம் ஆகும்னு சொல்றாங்க. ஒரு ஃபிக்ஸட் டெபாசிட் இருக்கு. பையன் வேண்டாங்கறான். நீங்க சொல்லுங்க, நல்லா இருக்கா?”

எனக்குத் திக்கென்றது. “அதான் சொன்னேனே சார்” என்று எதையோ முனகிவிட்டு ஸ்டேஷனைப் பார்த்து நடந்தேன்.

அன்று ராத்திரி தூக்கம் சரியாக வரவில்லை. நான் சொன்னது பொய். தினசரி ஒரு டஜன் சொல்கிற சாதாரணப் பொய்தான். ‘காபி நல்லா இருக்கு’, ‘உங்க பையன் பாட்டு ரொம்ப நல்லா இருந்தது’ வகையறா. ஆனால் இந்தப் பொய்க்கு ரெண்டரை லட்ச ரூபாய் விலை.

பொய் சொல்லலாமா கூடாதா என்பதில் வள்ளுவர் நம் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். வாய்மை அதிகாரத்தில் அவர் பொய்க்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்தப் பொய்யால் விளைவது குற்றமே இல்லாத நன்மையாக இருக்க வேண்டும். நாம் குறளைச் சொல்லும்போது நிபந்தனையை வசதியாக விட்டுவிடுகிறோம். ஜெர்மன் தத்துவஞானி இம்மானுவேல் கான்ட் இந்த நாற்காலியையும் பிடுங்கிவிட்டார். கொலைகாரன் கத்தியோடு வந்து ‘உன் நண்பன் உள்ளே இருக்கிறானா?’ என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக்கூடாது என்று 1797-ல் கட்டுரை எழுதினார். கான்ட்டோடு ஒரு வீட்டில் குடித்தனம் நடத்துவது கஷ்டம். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதில் ஆச்சரியம் இல்லை.

கான்ட் வரைக்கும் போக வேண்டாம். வள்ளுவரின் நிபந்தனையிலேயே நான் தோற்றுவிட்டேன். என் ‘நல்லா இருக்கு’, அவருக்காகச் சொன்னதே இல்லை. சீக்கிரம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப எனக்காகச் சொன்னது.

பல்லாவரத்திலேயே இதற்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. ஊரை ஒட்டிய குன்றில் ஒரு குடைவரை. ஏழாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்தது. இப்போது அது தர்கா. உள்ளே மகேந்திரனின் பட்டப்பெயர்கள் வரிசையாகக் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. இந்த ராஜாவுக்குப் பட்டப்பெயர் மோகம் கொஞ்சம் அதிகம். மத்தவிலாசன், விசித்திரசித்தன், குணபரன் என்று பல ஊர்க் கல்வெட்டுகளில் பட்டியல் நீள்கிறது. அவனுடைய பட்டங்களில் எனக்குப் பிடித்த ஒன்று ‘சித்திரகாரப்புலி’. ஓவியர்களில் புலி!

மகேந்திரனுக்குத் தொழில் ஓவியம் இல்லை. தொழில், ராஜ்யம் ஆள்வது, சாளுக்கியப் புலிகேசியோடு சண்டை போடுவது. மிச்ச நேரத்தில் நாடகம் எழுதினான், சங்கீதத்தில் ஈடுபட்டான், படம் போட்டான். இன்றைய பாஷையில் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட். எவ்வளவு நல்ல ஓவியன்? தெரியாது. இது அவன் தீட்டியது என்று நிச்சயமாகக் காட்ட ஒரு படம்கூட இன்று இல்லை. பட்டம் மட்டும் கல்லில் மிஞ்சியிருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். ராஜா ஒரு யானை வரைந்து சபையில் வைக்கிறான். ‘மகாராஜா, முன்னங்கால் கொஞ்சம் குட்டையாகத் தெரிகிறது’ என்று யார் சொல்வார்கள்? சொன்னவன் கால் குட்டையாகிவிடும். நிஜமாகவே அவன் புலியாக இருந்திருக்கலாம். ஆனால் அதைத் தெரிந்துகொள்ள அவனுக்கு வழியே இருந்திருக்காது. அவன் நோட்டுப் புத்தகத்திலும் எல்லாரும் ‘சூப்பர் மகாராஜா’ என்றுதான் எழுதியிருப்பார்கள்.

இந்தச் சிக்கலுக்கு ஒருவர் வழி கண்டுபிடித்தார். வின்ஸ்டன் சர்ச்சில். 1915-ல் பதவி போய் மனசு உடைந்திருந்த சமயம், நாற்பது வயதில் பிரஷ்ஷைக் கையில் எடுத்தவர். சாகும் வயது வரை விடவில்லை. 1947-ல், யுத்தத்தில் ஜெயித்த உலகப் புகழோடு, லண்டன் ராயல் அகாடமியின் கண்காட்சிக்கு இரண்டு படங்களை அனுப்பினார். சொந்தப் பெயரில் இல்லை. டேவிட் வின்டர் என்கிற பெயரில். இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள். இங்கிலாந்து முழுக்க யாரிடம் கேட்டாலும் ‘பிரமாதம்’ என்று சொல்லியிருப்பார்கள். அந்தப் பிரமாதம் அவருக்கு வேண்டாம். பெயர் தெரியாதவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வேண்டியிருந்தது.

பாராட்டுப் பசியைவிடப் பெரிய பசி ஒன்று இருக்கிறது என்று இதிலிருந்து தெரிகிறது. மெய்யாகவே ஒருவர் பார்த்தாரா என்று தெரிந்துகொள்கிற பசி.

சரி, அப்படியானால் போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதானே? ‘பெரியவரே, படம் சுமார். பணத்தை பேங்கிலேயே வையுங்கள்.’ கான்ட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

இங்கேதான் ஹென்றி ரூசோ குறுக்கே வந்து நிற்கிறார்.

1844-ல் பிறந்த ரூசோவுக்கு வேலை, பாரிஸ் நகர எல்லையில் சரக்குகளுக்குச் சுங்கம் வசூலிப்பது. ஓவியம் முறையாகக் கற்றதில்லை. 1884-ல் பாரிஸில் சில ஓவியர்கள் ஒரு கண்காட்சி ஆரம்பித்தார்கள். தேர்வுக் குழு கிடையாது, யார் வேண்டுமானாலும் படம் மாட்டலாம். நம் அசோசியேஷன் ஹால் மாதிரிதான், கொஞ்சம் பெரிசு. 1886-லிருந்து 1910-ல் சாகும்வரை ரூசோ அநேகமாக வருஷம் தவறாமல் அங்கே படம் மாட்டினார். அநேகமாக வருஷம் தவறாமல் ஜனங்கள் சிரித்தார்கள். காடு காடாக வரைவார், புலி வரைவார். பிரான்ஸை விட்டு வெளியே போனதே கிடையாது. எல்லாம் பாரிஸ் தாவரவியல் பூங்காவில் பார்த்ததுதான். 1897-ல், தூங்குகிற நாடோடிப் பெண்ணையும் பக்கத்தில் ஒரு சிங்கத்தையும் வரைந்தார். ‘நம்ம ஊர்ப் பையன் வரைந்தது, வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று சொந்த ஊரான லாவால் நகரசபைக்கு எழுதினார். வேண்டாம் என்றுவிட்டார்கள். அந்தப் படம் இப்போது நியூயார்க் நவீனக் கலை மியூசியத்தில் இருக்கிறது.

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? பழைய டிரங்க் ரோடு நெடுக செடி, கோழி, பழைய டிவி, ஒற்றைச் செருப்பு வரைக்கும் கிடைக்கும். பழைய படங்களும் கிடைக்கும். யார் வரைந்தது என்று தெரியாத ஏரிக்கரை, ஏசுநாதர், ரோஜாப்பூ. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் படத்துக்காக வாங்குவதில்லை, சட்டத்துக்காக. வீட்டுக்குப் போனதும் படத்தை உருவிப் போட்டுவிட்டுத் தாத்தாவை மாட்டிவிடுவார்கள்.

1908-ல் பாரிஸில் ஒரு பழைய சாமான் கடையில் ரூசோவின் படம் ஒன்று அப்படித்தான் கிடந்தது. ‘துணி நன்றாக இருக்கிறது, மேலே வேறு வரைந்துகொள்ளலாம்’ என்று கடைக்காரர் ஐந்து ஃபிராங்க் விலை சொன்னார். வாங்கியவர் மேலே வரையவில்லை, கடைசிவரை தன்னிடமே வைத்துக்கொண்டார். வாங்கியவர் பெயர் பாப்லோ பிக்காஸோ. அதே வருஷம் பிக்காஸோ தன் ஸ்டூடியோவில் ரூசோவுக்கு ஒரு விருந்து வைத்தார். கவிஞர்கள், ஓவியர்கள் எல்லாரும் வந்து பாட்டுப் பாடிக் குடித்துக் கொண்டாடினார்கள். அது கௌரவமா, கிழவரை வைத்துக் கேலியா என்று இன்றைக்கும் சர்ச்சை இருக்கிறது. ரூசோ கௌரவம் என்றே எடுத்துக்கொண்டு வயலின் வாசித்தார்.

இதனால் நம் பெரியவர் அடுத்த ரூசோ என்று சொல்ல வரவில்லை. அந்த ஆறுதல் மோசமான ஆறுதல். ஒரு ரூசோவுக்குப் பின்னால் பல ஆயிரம் பேர் படம் மாட்டியிருப்பார்கள். அவர்கள் படமெல்லாம் சட்டத்துக்காகவே விலை போயிருக்கும். நான் சொல்ல வருவது வேறு. இருபது வருஷத்துக்கு மேல் ரூசோவைப் பார்த்துச் சிரித்தவர்கள், தாங்கள் உண்மையைச் சொல்வதாகத்தான் நினைத்தார்கள். ‘சுமார்’ என்று தீர்ப்பு எழுத நான் யார்? 28 படத்தை ஆறு நிமிஷத்தில் சுற்றி வந்தவன். பதினைந்து செகண்டுக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு படம். பாராட்டும் பொய், விமர்சனமும் அரைப்பொய். இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒன்றை நான் செய்யவே இல்லை.

அமெச்சூர் என்ற வார்த்தை ஃபிரெஞ்சுக்காரர்களுடையது. லத்தீனில் அன்பு என்கிற வேரிலிருந்து வந்தது. ஒன்றைக் காசுக்காக இல்லாமல் ஆசைக்காகச் செய்கிறவர். நாம் தமிழில் கொஞ்சமும் இரக்கமில்லாமல் கத்துக்குட்டி என்றுவிடுகிறோம். ஆனால் பல்லாவரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் அப்படிச் சொல்லக்கூடாது. பம்மலைத் தன் பெயரோடு சுமந்த சம்பந்த முதலியார், 1891-ல், பதினெட்டு வயதில், சுகுண விலாச சபையை ஆரம்பித்தார். கூத்தாடி என்று படித்தவர்கள் முகம் சுளித்த காலத்தில், வக்கீல்களையும் உத்தியோகஸ்தர்களையும் மேடையேற்றினார். அவரே வக்கீல், பிறகு நீதிபதி. பகலில் கோர்ட், சாயங்காலம் ஒத்திகை. சம்பளம் கிடையாது. சம்பளம் இல்லை என்பதற்காக யாருக்கும் சலுகையும் கிடையாது. ஒத்திகைக்கு ஒழுங்காக வர வேண்டும், பாடம் நெட்டுருவாக வேண்டும். ஆசைக்குச் செய்கிறோம் என்றால் சுமாராகச் செய்யலாம் என்று அர்த்தம் இல்லை என்பது அவர் கட்சி. பின்னால் 1959-ல் பத்மபூஷண் கிடைத்தது.

பம்மல் முதலியாரை நினைத்தபோது ஒன்று பளிச்சென்றது. அமெச்சூர்தானே என்று நாம் காட்டுகிற தாட்சண்யம் இருக்கிறதே, அது மரியாதை இல்லை. குழந்தை கிறுக்கியதைப் பார்த்து ‘அடடே’ என்பது மாதிரி. 67 வயதுக்காரரை எல்.கே.ஜி.யில் உட்கார வைப்பது. ஒருவர் செய்ததில் தப்புக் கண்டுபிடிக்கிற அளவுக்கு அதை உற்றுப் பார்ப்பதுதான் அவருக்குச் செய்கிற மரியாதை.

இன்னொன்று. படத்தை வரைந்து பீரோவுக்குள் வைத்துக்கொண்டால் அது பொழுதுபோக்கு. யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். சுவரில் மாட்டி நாலு பேரைக் கூப்பிட்ட உடனே அது ஒரு கேள்வியாகிவிடுகிறது. நோபல் பரிசு வாங்கிய தாகூர், அறுபது தாண்டித்தான் மும்முரமாக வரைய ஆரம்பித்தார். முதல் கண்காட்சி 1930 மே மாதம், 69 வயதில். வைத்தது கல்கத்தாவில் இல்லை, பாரிஸில். உலகம் கொண்டாடிய கவிஞர்தான். ஆனால் கயிற்றில் படத்தை மாட்டுகிற நிமிஷத்தில் தாகூரும் பல்லாவரத்துப் பெரியவரும் ஒரே வகுப்பு மாணவர்கள்தான். ‘நான் கெட்டிக்காரனா?’ என்று கேட்பது போலத் தோன்றும். உள்ளே கேட்கிற கேள்வி வேறு. ‘நான் பார்த்தது உனக்கும் தெரிகிறதா?’

அந்தக் கேள்விக்கு ‘சூப்பர்’ பதில் இல்லை. ‘சுமார்’ என்பதும் பதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மறுபடி கிளம்பினேன். மின்சார ரயிலில் மீனம்பாக்கம் தாண்டும்போது இடது பக்க ஜன்னலுக்கு நகர்ந்து உட்கார்ந்தேன். பெரியவரின் படம் ஒன்றில் திரிசூலம் மலை இருந்தது. கல் உடைத்த முகத்துக்கு அவர் ஒரு நீலம் அடித்திருந்தார். ‘கல்லாவது, நீலமாவது, கலர் தீர்ந்துபோயிருக்கும்’ என்று சனிக்கிழமை நினைத்திருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெட்டுப்பட்ட இடத்தில் மத்தியான வெயிலில் மலை நீலச் சாம்பலாகத்தான் இருந்தது. இந்தப் பக்கத்துக் கல் சார்னோக்கைட் என்கிற வகை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருக்கிற கல், அதனால் அந்தப் பெயர். உடைத்த முகத்தில் நீலம் தட்டும். இதெல்லாம் புத்தகத்தில் படித்திருக்கிறேன். இந்த ரயிலில் எத்தனை வருஷமாகப் போகிறேன். ஒரு தடவைகூட மலையைப் பார்த்ததில்லை. செல்ஃபோனைப் பார்த்திருக்கிறேன்.

ஹாலில் கூட்டம் இல்லை. ரஸ்னா தீர்ந்திருந்தது. இந்தத் தடவை ஒரு மணி நேரம் நின்றேன். பெரிய ஏரியை அவர் மூன்று படமாக வரைந்திருந்தார். மூன்றிலும் ஏரியின் குறுக்கே ரேடியல் ரோடு இல்லை. துரைப்பாக்கத்துக்குப் போகிற அந்த ரோடு ஏரியை இரண்டாக வெட்டுவதற்கு முன்னால் இருந்த தண்ணீரை, ஞாபகத்திலிருந்து போட்டிருக்கிறார். தண்ணீர் சரியாக வரவில்லை, கண்ணாடி மாதிரி விறைத்து நின்றது. ஆனால் அகலம்! அந்த ஏரி அவ்வளவு அகலமாக இருந்ததா?

பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார். நேற்றைய கேள்வியை அவர் கேட்கவில்லை. நானாகவே ஆரம்பித்தேன்.

“சார், நேத்து நான் சரியாப் பார்க்காமலே நல்லா இருக்குன்னுட்டேன். இன்னிக்குப் பார்த்தேன். அந்த ரயில் பறக்குது. சக்கரத்துக்குக் கீழ நிழலே இல்லை. முகமெல்லாம் ஒரே மாதிரி இருக்கு. ஆனா அந்த மலையோட நீலம் சத்தியமா சரி. ரயில்ல வரும்போது பார்த்துட்டு வரேன். இத்தனை நாள் எனக்கு அது தெரியலை.”

அவர் முகத்தில் கோபம் வருமோ என்று பயந்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு ரயில் பக்கத்தில் குனிந்தார். “நிழல்! ஆமா சார். நாலு தடவை போட்டேன், என்னமோ இடிக்குது, என்னன்னு பிடிபடலை” என்றார். பிறகு பத்து நிமிஷம் நிழலைப் பற்றியே பேசினோம். மாட்டின் வாலில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த மாட்டுக்கு வால் அப்படித்தானாம்.

கடைசியில் ரெண்டரை லட்சத்துக்கு வந்தேன். “படம் விக்கும், போட்ட பணம் வரும்னு நினைச்சு ஹால் எடுக்காதீங்க சார். வராதுன்னுதான் எனக்குத் தோணுது.”

“விக்கும்னு யார் சொன்னா?” என்றார். “போன வருஷம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். ஒரு ராத்திரி ரிசப்ஷனுக்குப் பூ அலங்காரம் மட்டும் மூணு லட்சம். கல்யாணம் நல்லா இருக்கா, செலவு பண்ணலாமான்னு யாராவது கேட்டாங்களா? நான் ஒரு வாரம் படம் மாட்டறேன்னா மட்டும், அதுக்கு யோக்யதை இருக்கான்னு எல்லாரும் கேக்கறாங்க.”

எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. ஆசைக்காகச் செய்கிற காரியத்துக்கு மட்டும் நாம் தகுதிச் சான்றிதழ் கேட்கிறோம். அந்தஸ்துக்காகச் செய்கிற செலவுக்குக் கேட்பதில்லை. இருந்தாலும், அது அவர் கடைசிக் காலத்துக்கென்று சேர்த்த டெபாசிட் என்கிற பையனின் கவலையும் தப்பில்லை. இரண்டையும் அவரிடமே சொன்னேன். முடிவு என்னுடையது இல்லை. முடிவெடுக்கிறவர் கையில் ஒரு நல்ல பொய்யைத் திணிக்காமல் இருப்பதுதான் என் வேலை. இன்னும் அவர் ஹால் எடுத்ததாகத் தகவல் இல்லை. எடுக்கவில்லை என்றும் இல்லை.

உங்கள் தெருவிலும் யாராவது ஒரு மாமி கோல நோட்டு போட்டிருப்பார், ஒரு பையன் கவிதை எழுதியிருப்பான், ஒரு பெரியவர் கயிற்றில் படம் மாட்டியிருப்பார். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்பார்கள். மார்க் போடாதீர்கள். மாலையும் போடாதீர்கள். கொஞ்ச நேரம் நின்று, கண்ணில் பட்டது என்ன என்று சொல்லுங்கள். அது பொய்யாக இருக்க முடியாது. இதில் ஒரே ஒரு கஷ்டம், நிஜமாகவே பார்க்க வேண்டியிருக்கும்.

கிளம்பும்போது நோட்டைக் கேட்டு வாங்கினேன். ‘நன்றாக உள்ளது’ என்று நேற்று எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தேன். கீழே, ‘ரயிலுக்கு நிழல் வேண்டும். மலையின் நீலம் சரி’ என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். பெரியவர் அதைப் படித்துவிட்டு, பக்கத்தின் மூலையை மடித்து வைத்துக்கொண்டார்.